உப்பு ஏறாத உத்தரம்

கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு நிற்கும் போர்ட் லானர் கடல்பாலத்தின் அடியில், ஒரு சின்னப் படகில் மல்லாந்து படுத்தபடி மெரின் டிரெவாஸ்கிஸ் தலைக்கு மேலிருந்த கான்கிரீட் உத்தரத்தைச் சுத்தியலால் தட்டினாள். ணங் என்றது. இரண்டு முழம் நகர்ந்து மறுபடி தட்டினாள். மறுபடியும் ணங். அவளுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

கரையிலிருந்து வரிசையாகத் தட்டிக்கொண்டு வந்ததில், கரையை ஒட்டிய நாலைந்து போக மற்ற உத்தரங்கள் எல்லாம் பொத் பொத்தென்று ஒலித்திருந்தன. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டை வெளியே தள்ளி, நடுவில் ஒரு இடைவெளி விழுந்துவிட்டால் அப்படித்தான் கேட்கும். அது அவள் எதிர்பார்த்து வந்த சத்தம். அவளுடைய கணக்கும் அதைத்தான் சொல்லியிருந்தது. இந்த ஒன்பதாவது உத்தரம் மட்டும் போன வருஷம் வார்த்ததுபோலக் கிண்ணென்று நின்றது.

"இது என்ன, வேற சிமெண்டா?" என்று படகைப் பிடித்துக்கொண்டிருந்த கிளெம் ரௌஸைக் கேட்டாள்.

கிளெம் ஊர் கவுன்சிலின் பராமரிப்பு ஆள். சாலைக் குழி, பூங்கா பெஞ்சு, கழிப்பறைக் கதவு என்று ஊரில் எது உடைந்தாலும் அவர் தலையில்தான் விழும். "எல்லாம் ஒரே நேரத்துல ஒரே ஆளுங்க போட்டதும்மா. புயல்ல பழைய மரப்பாலம் போனப்புறம் கட்டினது. நான் அப்ப ஸ்கூலுக்கு மட்டம் போட்டுட்டு வந்து வேடிக்கை பாத்திருக்கேன்" என்றார்.

மெரினுக்கு அடிலெய்டில் வேலை. கடலோரக் கட்டடங்கள் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்வது அவள் தொழில். கடல் உப்பு கான்கிரீட்டுக்குள் எவ்வளவு வேகமாக இறங்கும், கம்பியை எப்போது போய்த் தொடும், தொட்ட பிறகு கம்பி எப்படி மெலியும், எந்த வருஷ வாக்கில் உத்தரம் சுமையைத் தாங்க முடியாமல் கைவிடும் என்பதையெல்லாம் கணினியில் ஓட்டிப் பார்ப்பாள். எதுவும் நிச்சயமில்லாத விஷயம் என்பதால் ஒரே பாலத்தைக் கணினிக்குள் ஆயிரக்கணக்கான தடவை கட்டி, ஆயிரக்கணக்கான விதமாகத் துருப்பிடிக்க விடுவாள். அத்தனையிலும் எத்தனை எந்த வருஷத்தில் விழுந்தன என்று பார்த்தால், நிஜப் பாலத்தின் ஆயுள் ஒரு மாதிரி பிடிபட்டுவிடும்.

தேனிலவுக்குப் போன இடத்தில்கூடக் கணவனைப் படம் எடுக்காமல் விடுதி பால்கனியின் துருக்கறையைப் படம் எடுத்தவள் என்று அவளுடைய தங்கை இன்றைக்கும் கேலி செய்வாள். அந்தத் திருமணம் நிலைக்கவில்லை. அந்தப் படங்கள் இன்னும் அவளிடம் இருந்தன.

போர்ட் லானர் பாலத்துக்கு அவள் கணக்கு நல்ல செய்தி சொல்லவில்லை. மூடிவிடுவது நல்லது என்ற நிலைக்கு அது வந்துவிட்டிருந்தது. கவுன்சில் முடிவெடுக்குமுன், கணக்கு சொல்வது நேரில் பார்த்தால் சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்யத்தான் அவள் வந்திருந்தாள். வியாழக்கிழமை ஊர்க்கூட்டம். அதில் அவள் எழுந்து பேச வேண்டும்.

ஊர் அவளை வரவேற்ற விதத்தைச் சொல்லத் தேவையில்லை. அந்த ஊருக்கு அந்தப் பாலம்தான் எல்லாம். காலையில் நடப்பவர்கள் அங்கே நடந்தார்கள், விடலைகள் அங்கிருந்து குதித்தார்கள், மற்ற எல்லோரும் அங்கே தூண்டில் போட்டார்கள். தூண்டில்காரர்கள் சங்கத்தின் தலைவர் வில்ஃப் ஆங்க்வின், பாலத்தின் கடைசி முனையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து முரல் மீனும் கணவாயும் பிடிப்பவர். மெரின் வந்த அன்றே அவளுக்குக் 'கம்ப்யூட்டர்காரி' என்று பெயர் வைத்துவிட்டார். பேக்கரியில் அவள் கறி அடைத்த பேஸ்டி வாங்க நின்றபோது, பின்னால் நின்றுகொண்டு, "ஏம்மா, அந்த பேஸ்டி எப்பக் கெட்டுப்போகும்னு உன் கம்ப்யூட்டர்ல கேட்டுட்டு வாங்கு" என்றார். கடையே சிரித்தது. மெரினும் சிரித்துவிட்டாள். ஆனால் பேஸ்டியைக் கடிக்கும்போது அவளுக்கு ஒன்பதாவது உத்தரத்தின் ஞாபகம்தான் இருந்தது.

அன்று மதியம் அலுவலகத் தோழி டொரோட்டாவுக்குப் போன் செய்தாள். டொரோட்டாவும் அவளும் சேர்ந்து எழுதிய கணக்கு அது.

"ஒண்ணே ஒண்ணுதானே? தள்ளி வச்சிரு" என்றாள் டொரோட்டா. "இத்தனை உத்தரத்துல ஒண்ணு நல்லா இருந்தா அது அதிர்ஷ்டம். கணக்குல அதுக்கும் இடம் இருக்குல்ல."

"அதிர்ஷ்டம்னா கொஞ்சம் நல்லா இருக்கணும்டி. இது துளிகூடக் கெட்டுப்போகல."

"சரி, என்ன பண்ணப் போறே?"

"இன்னும் பாக்கப் போறேன்."

"பாரு. ஆனா வியாழக்கிழமை எந்திரிச்சு நின்னு, எல்லாம் மோசம், இது மட்டும் ஏன்னு தெரியலன்னு சொல்லிடாத. அந்தத் தூண்டில்காரங்க அதையே பிடிச்சுப்பாங்க."

டொரோட்டா சொன்னது சரிதான். ஆனால் மெரினுக்கு அந்த நேரத்தில் தூண்டில்காரர்களைப் பற்றிய கவலை வரவில்லை. தன் கணக்கு தனக்குத் தெரியாத எதையோ விட்டுவிட்டிருக்கிறது என்ற எண்ணம் பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் முதலில், கம்பிக்கு மேலிருக்கும் கான்கிரீட்டின் கனத்தைக் கருவி வைத்து அளந்தாள். ஒருவேளை இந்த உத்தரத்தில் மட்டும் கொத்தனார் தாராளமாகப் பூசியிருக்கலாம். இல்லை. பக்கத்து உத்தரங்களின் கனமேதான். சொல்லப்போனால் ஒரு பக்கம் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. அப்படியானால் இதுதான் முதலில் கெட்டிருக்க வேண்டும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்து, ஒன்பதாவதிலிருந்தும் பத்தாவதிலிருந்தும் விரல் நீளத்துக்குக் கான்கிரீட் துண்டு குடைந்தெடுத்தாள். இரண்டையும் தண்ணீரில் நனைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. அதே ஜல்லி, அதே நிறம், ஆங்காங்கே அதே சிப்பித் தூள். கிளெம் சொன்னது உண்மை. ஒரே கலவை.

காற்று காரணமாக இருக்குமா என்று யோசித்தாள். மேற்குக் காற்று எல்லா உத்தரத்தின்மேலும் ஒரே மாதிரிதான் அலையைத் தெறிக்கவைத்தது. பெலிக்கன் பறவைகளின் எச்சமா என்றுகூட யோசித்தாள். பாலத்தின் அந்த இடத்தில் எப்போதும் நாலைந்து பெலிக்கன்கள் விளக்குக் கம்பங்களின்மேல் உட்கார்ந்திருந்தன. கிளெமிடம் கேட்டபோது அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "பறவை பேண்டா பாலம் கெட்டியாகும்னு கூட்டத்துல சொல்லிப் பாரும்மா. நான் முன்வரிசைல வந்து உக்காந்துக்கறேன்."

வேறு வழி தோன்றாமல் மூன்றாம் நாள் மறுபடி படகில் போய்ப் படுத்தாள். கடல் நன்றாக வற்றியிருந்தது. வெயில் தண்ணீரில் பட்டு மேலே உத்தரத்தின் அடிப்பக்கத்தில் நெளிந்தது. பத்தாவது உத்தரத்தில் செம்பழுப்புக் கறை கோடுகோடாக வழிந்திருந்தது. ஒன்பதாவதில் பச்சைப் பாசி படர்ந்து சதசதவென்று ஈரம். முந்தைய நாட்களிலும் அந்த ஈரத்தைப் பார்த்தவள்தான். கடலுக்கு மேலே இருப்பது ஈரமாக இருப்பதில் என்ன அதிசயம் என்று விட்டிருந்தாள்.

ஒரு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது. வழிந்து வாய்க்கு வந்தது. அனிச்சையாக நக்கினாள்.

உப்பில்லை.

எழுந்து உட்கார்ந்ததில் படகு ஆடியது. கிளெம் துடுப்பை ஊன்றிச் சமாளித்தார். மெரின் கையை நீட்டி இன்னொரு சொட்டைப் பிடித்து நக்கினாள். பத்தாவது உத்தரத்தில் விரலை ஓட்டி அதையும் நக்கினாள். முகத்தைச் சுளித்தாள். மறுபடி ஒன்பதாவதை நக்கினாள். கிளெம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கிளெம், இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

கிளெம் மேலே பார்த்தார். பிறகு பக்கவாட்டில் பார்த்தார். அவர் காது சிவந்தது. "அது வந்து... மேல மீன் கழுவற மேடை இருக்குல்ல. அதுக்குப் போற குழாய். அது முழங்கை மாதிரி வளையற இடத்துல ஒரு மூட்டு கொஞ்சம் ஒழுகும்."

"எத்தனை நாளா?"

"நான் வேலைக்கு வந்தப்பவே ஒழுகிட்டுதான் இருந்துச்சு" என்றார் கிளெம். அவர் முன்பு இரண்டு தடவை அதைச் சரி செய்யப் போய், பாலத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டு அந்த மூட்டை இறுக்க முடியாமல் திரும்பியிருந்தார். மர்ரே ஆற்றிலிருந்து அவ்வளவு தூரம் குழாய் போட்டு வரும் தண்ணீரைக் கடலில் விடுகிறார்கள் என்று வறட்சி வருஷங்களில் ஊரில் நிறையப் பேர் சண்டை போட்டிருந்தார்கள். இந்தப் பொறியாளர் அம்மாவும் இப்போது அதையே பிடித்துக்கொண்டாள் என்று கிளெம் நினைத்துவிட்டார். பையிலிருந்து ஸ்பானரை எடுத்து, "இப்பவே பாத்துடறேன், நீ படகைப் பிடி" என்று எழுந்தார்.

"கை வைக்காதீங்க" என்றாள் மெரின். அவள் கத்தவில்லை. ஆனால் கிளெம் ஸ்பானரைப் பைக்குள் போட்டுவிட்டார். அவள் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய் மூட்டிலிருந்து கசியும் நல்ல தண்ணீர் உத்தரத்தின் தலையில் இறங்கி, இரண்டு பக்கமும் மெல்லிய போர்வைபோல வழிந்துகொண்டிருந்தது. பத்தாவது உத்தரத்துக்குப் பாலத்தின் தளமே குடை. மழைகூட அதைத் தொட்டுக் கழுவுவதில்லை. அலை தெறிக்கும், வெயில் உலர்த்தும், உப்பு அப்படியே தங்கும், மறுபடி தெறிக்கும். ஒன்பதாவதுக்கோ இரவு பகலாகக் குளியல்.

இத்தனையும் அவளுக்குப் புத்தகத்தில் தெரிந்த விஷயம். அவள் கணக்கில் மழைக்கும் ஓரிடம் உண்டு. சொட்டும் குழாய்க்குத்தான் இடமில்லை.

ஆனால் அவளுக்கு அது போதவில்லை. தண்ணீர் ஒழுகுகிறது, உத்தரம் நன்றாக இருக்கிறது. இரண்டும் உண்மை. ஒன்றால்தான் மற்றது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அன்று முழுவதும் ஒன்பதாவது உத்தரத்தில் மெல்லிய துளை போட்டு, மேற்பரப்பிலிருந்து உள்ளே போகப் போக ஒவ்வொரு ஆழத்துத் தூளையும் தனித்தனி உறையில் சேகரித்தாள். கிளெமின் கூடத்து மேசையில் வைத்து ஒவ்வொன்றிலும் உப்பு எவ்வளவு என்று சோதித்தாள். கிளெமின் மனைவி இரவுச் சாப்பாட்டுக்கு மேசை வேண்டும் என்று சொல்லும்வரை நகரவில்லை.

வழக்கமாக உப்பு வெளியே அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருக்கும். பத்தாவதில் அப்படித்தான் இருந்தது. ஒன்பதாவதில் வெளியே ஒன்றுமே இல்லை. கொஞ்சம் உள்ளே போனால் உப்பு ஏறியது, அதற்கும் உள்ளே மறுபடி இறங்கியது. கான்கிரீட்டுக்குள் உப்பு ஒரு சின்ன மேடுபோல நின்றிருந்தது. பாலம் கட்டிய புதிதில் உள்ளே புகுந்த உப்பு அது. பிறகு எப்போதோ தண்ணீர் ஒழுகத் தொடங்கி, வாசலை அடைத்து, வெளிப்பக்கத்து உப்பைத் திரும்பக் கழுவிக்கொண்டு போய்விட்டது. நடுவில் மாட்டிக்கொண்டது கம்பியைத் தொடாமல் அங்கேயே மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

மெரின் நாற்காலியில் சாய்ந்தாள். மேடு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, எவ்வளவு அகலத்துக்குப் பரவியிருக்கிறது என்று தெரிந்தால், எப்போது ஒழுக ஆரம்பித்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாமே. இதுவரை எதிர்காலத்தைக் கேட்டே பழகிய கணக்கிடம் கடந்த காலத்தைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. டொரோட்டாவுக்கு எண்களை அனுப்பினாள், காரணத்தைச் சொல்லாமல். இரண்டு பேரும் தனித்தனியாகப் போட்டார்கள். இருபத்து நாலிலிருந்து இருபத்தொன்பது வருஷத்துக்குள் என்று இருவருக்கும் வந்தது.

சரிபார்க்க ஊரில் விசாரித்தாள். அதுதான் பெரிய பாடாகிப்போனது. மேடையும் குழாயும் எந்த வருஷம் வந்தன என்று நாலு பேரைக் கேட்டால் நாலு வருஷம் சொன்னார்கள். பதினைந்து வருஷம்தான் இருக்கும் என்றார் ஒருவர். பாலத்தோடேயே வந்தது என்றார் இன்னொருவர். வில்ஃபைக் கேட்டபோது, "உன் கம்ப்யூட்டருக்குத் தெரியாதது எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று தூண்டிலில் இரை மாட்டப் போய்விட்டார்.

வியாழக்கிழமை மாலை ஊர் மண்டபம் நிறைந்திருந்தது. பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தவர்களே முப்பது பேர் இருப்பார்கள். மெரின் சுற்றி வளைக்கவில்லை. பாலத்தின் வெளிப்பாதி, கடல் பக்கத்துப் பாதி, ஆபத்தான நிலையில் இருக்கிறது, அதை மூடி இடிக்க வேண்டும் என்று முதலிலேயே சொன்னாள். இரைச்சல் எழுந்தது. அவள் காத்திருந்தாள். பிறகு ஒன்பதாவது உத்தரத்தைப் பற்றிச் சொன்னாள். தன் நெற்றியில் விழுந்த சொட்டை நக்கிப் பார்த்ததையும் மறைக்காமல் சொன்னபோது இரைச்சல் குறைந்தது. ஒழுகும் குழாய் என்றதும் எல்லோரும் கிளெமைத் திரும்பிப் பார்த்தார்கள். கிளெம் கூரையைப் பார்த்தார்.

வில்ஃப் எழுந்தார். "எல்லாம் சரிம்மா. நீ சொல்றதை நாங்க எதை வச்சு நம்பறது? நாளைக்கு விழும்கிறே. விழலன்னா, நாளன்னைக்கு விழும்பே. எதிர்காலத்தைப் பத்தி யார் வேணா என்ன வேணா சொல்லலாம்."

"அப்ப நடந்ததைப் பத்திச் சொல்றேன்" என்றாள் மெரின். "அந்தக் குழாய் எப்ப வந்துச்சுன்னு எனக்கு யாரும் சரியாச் சொல்லல. கேட்ட ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொன்னாங்க. ஆனா அந்த உத்தரத்துல இருக்கற உப்பை வச்சுப் பாத்தா, இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னாடிக்கும் இருபத்தொம்பது வருஷத்துக்கு முன்னாடிக்கும் நடுவுல அது ஒழுக ஆரம்பிச்சிருக்கு. நான் தப்பாவும் இருக்கலாம். யாருக்காவது நிச்சயமாத் தெரிஞ்சா சொல்லுங்க."

மண்டபத்தில் முணுமுணுப்பு. பக்கத்தில் இருப்பவரோடு விரல் மடக்கி எண்ணினார்கள். அப்போது நடுவரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் லோவெனா பொலித்தோ. கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"எனக்குத் தெரியும்" என்றாள். "அந்த மேடை போட்ட புதுசுல டாம்சின் என் வயித்துல இருந்தா. மூணு மாசம். என் வீட்டுக்காரர் புது மேடைல மீன் கழுவறதைப் பாக்க வான்னு இழுத்துட்டுப் போனாரு. நான் அந்த நாத்தத்துல அங்கேயே குனிஞ்சு கடல்ல வாந்தி எடுத்தேன். அப்படிக் குனிஞ்சப்பதான் அடில அந்தக் குழாயைப் பாத்தேன். குழாய் அன்னைக்கே ஒழுகுச்சு. போட்ட அன்னைக்கே."

"டாம்சினுக்கு என்ன வயசு?" என்று யாரோ கேட்டார்கள்.

"வர்ற மார்ச்சுல இருபத்தாறு."

எல்லோரும் மறுபடி விரல் மடக்கினார்கள். பிறகு மண்டபம் முழுவதும் சிரிப்பு பரவியது. மெரின் சிரிக்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் கணக்கை நிஜம் இப்படி நேருக்கு நேர் வந்து தொட்டதை அவள் அதுவரை பார்த்ததில்லை. அவள் சொல்கிற வருஷங்கள் எப்போதும் வரப்போகிறவை. அவை வருவதற்குள் பாலத்தை இடித்துவிடுவார்கள், அல்லது பழுது பார்த்துவிடுவார்கள், அல்லது அவளே வேறு வேலைக்குப் போயிருப்பாள்.

அதற்குப் பிறகு கேள்விகளின் குரல் மாறியது. அப்படியானால் எல்லா உத்தரத்துக்கும் குழாய் போட்டு ஒழுக விட்டால் போதாதா என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லத்தான் மெரினுக்கும் ஆசை. ஆனால் வெளிப்பாதி உத்தரங்களில் உப்பு ஏற்கெனவே கம்பியைத் தொட்டுவிட்டது, துரு ஓடிக்கொண்டிருக்கிறது, இனிமேல் மேலே கழுவி உள்ளே இருப்பதை வெளியே இழுக்க முடியாது என்று சொன்னாள். கரைப்பக்கம் நாலைந்து உத்தரங்களில் உப்பு இன்னும் கம்பி வரைக்கும் போகவில்லை. அங்கே கழுவினால் பலன் இருக்கலாம். இருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றும் சொன்னாள்.

வாக்கெடுப்பு வந்தபோது வில்ஃப் வெளிப்பாதியை இடிப்பதற்கு எதிராகக் கையைத் தூக்கினார். அவரோடு கொஞ்சம் பேர்தான் தூக்கினார்கள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது மெரினைக் கடந்து போனவர் நின்று, "என் இடம் போச்சு" என்று மட்டும் சொன்னார். அதில் கேலி இல்லை.

குளிர்காலம் முடிந்ததும் மிதவையில் பளுதூக்கி வந்தது. வெளிப்பாதியைத் துண்டுதுண்டாக அறுத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். நொறுக்கிச் சாலைக்கு அடியில் போடுவதற்காக அவை காத்திருந்தன. மெரின் முன்கூட்டியே ஒப்பந்தக்காரரைக் கெஞ்சி, கடைசி முனையின் இரண்டு உத்தரங்களைத் தனியாக ஒதுக்கி வைக்கச் சொல்லியிருந்தாள். கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்த வாய்ப்பு வருவதே அபூர்வம். உடலைத் தொட்டுப் பார்த்தே நோயைச் சொல்லும் வைத்தியனுக்கு வயிற்றைத் திறந்து காட்டுவது மாதிரி.

கரைப்பக்கத்து உத்தரங்களைக் கழுவும் வேலை அதற்குள் தொடங்கிவிட்டது. மண்டபத்துக் கூரையின் மழைநீர்த் தொட்டியிலிருந்து ஒரு நீளக் குழாயை இழுத்து, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை தன்னார்வலர்கள் கழுவினார்கள். லோவெனா அந்தக் கூட்டத்துக்குத் தானாகவே தலைவி ஆகியிருந்தாள். ஒன்பதாவது உத்தரத்துக்கு மேலே குழாய் மூட்டு இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. அதைச் சரி செய்யக் கூடாது என்று கவுன்சிலே தீர்மானம் போட்டிருந்ததால் கிளெம் ஊருக்குள் தலை நிமிர்ந்து நடந்தார்.

கிளெமும் மெரினும் கரையில் இடிக்கும் இயந்திரத்தை வைத்து ஒதுக்கிய உத்தரத்தை உடைத்தார்கள். கான்கிரீட் பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. கம்பிகள் தெரிந்தன. மெரின் மண்டியிட்டு, துருவைச் சுரண்டிவிட்டு ஒவ்வொரு இடமாகக் கனம் அளந்தாள். கால் பங்கு போயிருக்கும் என்று அவள் கணக்கு சொல்லியிருந்தது. பெரும்பாலான இடங்களில் கிட்டத்தட்ட அவ்வளவுதான் போயிருந்தது. அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

பிறகு நடுப்பகுதிக்கு வந்தாள். அங்கே அடிக்கம்பிகள் மூன்று பக்கத்தில் பக்கத்தில் ஓடின. இரண்டு, எலி கடித்த கயிறு மாதிரி ஒரே இடத்தில் குழிந்து குழிந்து நூலாகிப் போயிருந்தன. மூன்றாவது அறுந்தே போயிருந்தது. அறுந்த முனைகள் ஊசியாகக் கூர்ந்திருந்தன. இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளிப் பார்த்தால் கம்பி ஏறக்குறைய முழுசாக இருந்தது.

அவள் அளவியைக் கீழே வைத்தாள். அவள் ஓட்டிப் பார்த்த ஆயிரக்கணக்கான பாலங்களில் ஒன்றில்கூட இப்படி மூன்று கம்பியும் ஒரே இடத்தில் கைவிட்டதில்லை. கணக்கு கொடுத்த ஆயுளைவிட உண்மையில் மிச்சம் இருந்தது குறைவு. எவ்வளவு குறைவு என்று நினைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"என்ன அது?" என்று பின்னால் குரல் கேட்டது. வில்ஃப். இடிப்பு தொடங்கியதிலிருந்து அவர் கடற்கரைப் பக்கமே வரவில்லை என்று ஊரில் சொன்னார்கள். கையில் தூண்டில் பை இருந்தது. மெரின் கம்பியைக் காட்டினாள். தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். வில்ஃப் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்தார். அறுந்த முனையைத் தொட்டுப் பார்த்தார். விரலில் கருஞ்சிவப்பாக ஒட்டியது.

"இது எந்த இடத்து உத்தரம் கிளெமு?"

"கடைசிக்கு முந்தினது. உன் நாற்காலிக்கு நேர் கீழ" என்றார் கிளெம்.

வில்ஃப் விரலில் ஒட்டிய துருவைக் கால்சட்டையில் துடைத்தார். கடலில் மிதவையின் மணி அடித்தது. "ஈஸ்டருக்கு நாங்க எல்லாரும் அங்கதான் நின்னோம். சங்கத்துப் போட்டி. அறுபது எழுபது பேரு" என்றார். அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

"என் கணக்கு இதைச் சொல்லல வில்ஃப்" என்றாள் மெரின். "மூடணும்னு சொன்னது சரியாப் போச்சு. ஆனா இவ்வளவு மோசம்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வந்த அன்னைக்கே மூடியிருப்பேன்."

வில்ஃப் அவளைப் பார்த்தார். அவர் திரும்பவும் கம்பியைப் பார்த்தார். அறுந்த இடத்தையும், ஒரு சாண் தள்ளி முழுசாக நிற்கும் இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்க இப்படித் தின்னுருக்கு. இந்தா இங்க ஒண்ணும் ஆகல. ஒரே கம்பி. ஒரே தண்ணி. ஏம்மா இப்படி?"

"தெரியல."

"தெரியலயா?"

"நிஜமாவே தெரியல. இங்க ஒரு விரிசல் இருந்திருக்கலாம். கான்கிரீட் போடும்போது ஒரு பொந்து விழுந்திருக்கலாம். இன்னும் என்னென்னவோ இருக்கலாம். உடைஞ்சு வந்த பாளத்தைத் தேடிப் பொருத்திப் பாத்தாத்தான் தெரியும்."

பெயர்த்துப் போட்ட பாளங்கள் மணலில் சிதறிக் கிடந்தன. கிளெம் இயந்திரத்தை நிறுத்தியிருந்தார். வில்ஃப் தூண்டில் பையை ஒரு கல்லின்மேல் வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, அருகில் கிடந்த ஒரு பாளத்தைப் புரட்டி, கம்பி பதிந்த தடம் தெரிகிற பக்கத்தை வெயிலுக்குத் திருப்பினார்.

"இது அந்த இடத்ததா பாரு" என்றார்.

இல்லை. மெரின் தலையை ஆட்டினாள். அவர் அடுத்ததைப் புரட்டினார்.